வெளிமாநிலப் பழைய வண்டி: மிச்ச ஆண்டுகளின் வரி யாருக்கு?

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினால், எத்தனை நாள் வரை அது விருந்தாளி? எந்த நாளிலிருந்து உள்ளூர் வண்டி? இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டம், மாநில அரசுகள், நீதிமன்றங்கள் என ஆளுக்கொரு பதில் சொல்லி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வண்டி புதியதென்றால் சிக்கல் ஓரளவுக்குத்தான். பத்து, பன்னிரண்டு ஆண்டு ஓடிய வண்டி என்றால் வரி, தகுதிச் சான்று, புகைக் கட்டுப்பாடு, பழைய உரிமையாளரின் கடன் என்று எல்லாம் ஒரே கோப்பில் வந்து சேர்கின்றன. இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் எங்கிருந்து வந்தன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சட்டத்தின் பழைய பதில்: பன்னிரண்டு மாதம்

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வேறு மாகாணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்றது. அரை நூற்றாண்டு கழித்து வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதே கால அளவை 47-ஆம் பிரிவில் அப்படியே வைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய 46-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் செய்த பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் எளிது: பதிவு நாடு முழுமைக்குமானது, பதிவெண் மட்டும் வண்டி நிலையாகத் தங்கும் இடத்தைக் காட்ட வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. 47-ஆம் பிரிவின்படி நடப்பது புதிய பதிவு அன்று. ஏற்கெனவே உள்ள பதிவுக்குப் புதிய எண் ஒதுக்குவது மட்டுமே. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ் புகை நெறி) வண்டிகளை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தத் தடை, முன்பே முறையாகப் பதிவான பி.எஸ்.-4 கார் மாநிலம் மாறுவதைத் தொடாததற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ‘ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற பெயரே வழங்குவதால், வாங்குபவர்கள் இதை அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. உரிமையாளரின் முகவரி மாறினால் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 49-ஆம் பிரிவு. வேலை மாறி ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் குடிபோகிறவருக்கு எது பொருந்தும், முப்பது நாளா, பன்னிரண்டு மாதமா? முகவரியைத் தெரிவிப்பது வேறு, எண் மாற்றுவது வேறு என்று படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நடைமுறையில் இரண்டும் ஒரே விண்ணப்பமாகி, முதல் மாதத்திலேயே முழு வரியையும் கேட்கும் இடத்தில் போய் முடிவதும் உண்டு.

பன்னிரண்டு மாதக் கணக்கின் பெரிய பலவீனம், அதை எண்ணுவது யார் என்பது. எல்லையில் நுழைவுத் தேதியைக் குறிக்கும் ஏற்பாடு எதுவும் சொந்த வண்டிக்கு இல்லை. மாநிலத்துக்குள் வரும் வெளிமாநில வண்டிகள் பற்றிய விவரம் கேட்கும் விதிகளை வகுக்க 47-ஆம் பிரிவே மாநிலங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. இருந்தும் சாலைச் சோதனையில் பேச்சு, சுங்கச்சாவடிச் சீட்டையும் ஃபாஸ்டேக் பதிவையும் காட்டி வாதாடுவதில்தான் முடிகிறது. தவறுக்கு மூலச் சட்டம் வைத்த சமரசத் தொகையோ அதிகபட்சம் 100 ரூபாய். அப்படியிருக்க, இந்தப் பிரிவை மையமாக வைத்து இவ்வளவு சண்டை ஏன்?

வரி நுழைந்த இடம்

காரணம் வரி. அரசியல் சட்டத்தில் வாகன வரி மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம். வாகனப் பதிவோ பொதுப் பட்டியலின் 35-ஆவது இனம். மத்தியச் சட்டம் அதை ஆள்கிறது. பதிவு ஒருவர் கையில், வரி இன்னொருவர் கையில்.

சாலை வரியை ஆண்டுதோறும், அல்லது காலாண்டுதோறும் கட்டிய காலத்தில் இந்தப் பிரிவினை பெரிதாக உறுத்தவில்லை. வண்டி எங்கே ஓடுகிறதோ அங்கே அந்த ஆண்டின் வரி, அவ்வளவுதான். கடந்த நூற்றாண்டின் கடைசி இரு பத்தாண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்கு ஆயுட்கால வரிக்கு மாறின. அரசுக்கு முன்கூட்டியே மொத்தப் பணம், உரிமையாளருக்கு ஆண்டுதோறும் அலைச்சல் இல்லை. இருவருக்கும் வசதியான அந்த ஏற்பாடு, இடம் மாறுகிறவரை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுக்கான வரியை ஒரு மாநிலம் வாங்கிக்கொண்டது; ஆறாம் ஆண்டில் வண்டி எல்லை தாண்டினால் மீதி ஒன்பது ஆண்டுக்கான தொகை யாருடையது? வெளிமாநில வண்டிப் பதிவைச் சுற்றிய சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியின் வேறு வேறு உருவங்களே என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

கோட்பாட்டளவில் பதில் இருக்கிறது. வந்த மாநிலம் வண்டியின் வயதுக்கேற்பக் குறையும் அட்டவணைப்படி வரி வாங்கும். விட்டுவந்த மாநிலம் மிச்சத்தைத் திருப்பித் தரும். தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் 1974, கர்நாடகத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டிலும் இத்தகைய அட்டவணைகள் உண்டு. ஆனால் இரண்டு படியும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. இங்கே கட்டிய பிறகுதான் அங்கே கேட்க முடியும், புதிய ஆர்.சி.யைப் பழைய அலுவலகத்தில் காட்டியாக வேண்டும். அதோடு, வரியைக் கட்டியவர் முதல் உரிமையாளர், பணம் தேவைப்படுபவர் மூன்றாம் உரிமையாளர் என்றால், அந்தத் தொகையைப் பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

பழைய வண்டிக்கு இன்னொரு இடியும் இருக்கிறது. பல மாநில அட்டவணைகளில் விழுக்காடு வயதோடு குறைகிறதே தவிர, அந்த விழுக்காடு கணக்கிடப்படுவது வண்டி புதிதாக இருந்தபோதைய விலையின் மேல். ஒரு கற்பனைக் கணக்கு: எட்டு லட்சத்துக்கு வாங்கிய கார், பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒன்றரை லட்சத்துக்குக் கை மாறுகிறது. வரி ஐந்து விழுக்காடு என்று வைத்தாலும் 40,000 ரூபாய். வாங்கிய விலையில் கால் பங்குக்கு மேல். வெளிமாநிலப் பழைய வண்டியின் ‘சல்லிசு’ விலை தரும் ஆதாயம் பெருமளவு இங்கேயே கரைந்துவிடுகிறது. அதனால்தான் பலர் எண்ணை மாற்றாமலே ஓட்டுகிறார்கள்.

மாநிலங்களின் தரப்பு

மாநிலங்களைப் பேராசைக்காரர்களாக மட்டும் பார்ப்பது நியாயமாகாது. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகு மாநிலங்கள் தாமே விகிதம் நிர்ணயிக்கும் வரிகள் சிலவே மிஞ்சின; எரிபொருள், மது, முத்திரைத் தீர்வையோடு வாகன வரியும் அவற்றில் ஒன்று. சாலையைப் போட்டுப் பராமரிப்பது யார், போக்குவரத்துக் காவலை நடத்துவது யார் என்ற வாதத்திலும் வலு இருக்கிறது.

அதைவிட வலுவானது பாண்டி வண்டிகள் தரும் பாடம். புதுச்சேரியில் வாகன வரி அண்டை மாநிலங்களைவிடக் குறைவு. அதன் ஆட்சிப்பகுதியோ காரைக்கால், மாஹே, ஏனாம் என்று சிதறி, தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றின் மடியிலும் கிடக்கிறது. தமிழ்நாடு 2023 நவம்பரில் வரியை உயர்த்திய பிறகு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 விழுக்காடு ஆனது. புதுச்சேரியின் ஈர்ப்பு இன்னும் கூடியிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சொகுசுக் கார்களைப் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிந்து கேரளத்தில் ஓட்டிய விவகாரம் 2017-இல் பெரிய செய்தியாகி வழக்குகள் வரை போனது. வெளிமாநிலத்தில் பதிவான ஆம்னி பேருந்துகளைத் தமிழ்நாடு அரசு 2024-இல் தடுக்க முனைந்ததும் இதே கவலையிலிருந்துதான், அது அனுமதிச்சீட்டுச் சட்டம் சார்ந்த தனிக் கதை என்றாலும்.

இங்கே ஒரு கோட்டைப் போட்டாக வேண்டும். பொய் முகவரியில் பதிவது மோசடி. பதிவு நடந்த நாளிலேயே தவறு நடந்துவிட்டது. உண்மையாகவே புதுச்சேரியில் வாழ்ந்து, பிறகு விழுப்புரத்துக்கு மாற்றலாகி வரும் ஆசிரியரின் பத்து வயது ஸ்கூட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாநிலங்களின் விதிகள் பலவும் முதலாமவரைப் பிடிக்க எழுதப்பட்டவை. அலைவது பெரும்பாலும் இரண்டாமவர். சொகுசுக் காரின் உரிமையாளரிடம் வழக்கறிஞர் இருக்கிறார்.

நீதிமன்றங்கள் வரைந்த எல்லை

வாகன வரி பற்றிய தீர்ப்புகள் நீண்ட காலம் ஒரு கருத்தை நம்பி நின்றன. அரசியல் சட்டத்தின் 301-ஆவது பிரிவு தரும் வணிகச் சுதந்திரத்தை மாநில வரிகள் தடுக்குமா என்ற கேள்வியில், 1960-இல் அதியாபாரி தேயிலை வழக்கு கடுமையான நிலையை எடுத்தது. 1962-இல் ராஜஸ்தான் ஆட்டோமொபைல் டிரான்ஸ்போர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி கண்டது: சாலை வசதிக்கு ஈடாக வாங்கும் வரி இழப்பீட்டு வரி, அது வணிகத்துக்குத் தடையாகாது. இந்த ‘ஈடு’ வாதம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இரு மாநிலத்தில் வரி கட்டியவர்களுக்கும் அதில் ஒரு பிடி இருந்தது; சாலையைப் பயன்படுத்துவதற்கு ஈடு என்றால், பயன்படுத்தாத ஆண்டுகளின் தொகையை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கலாம்.

2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்தக் கோட்பாட்டையே கைவிட்டது. பாரபட்சமில்லாத வரி என்றால் வணிகச் சுதந்திரத்தைக் காட்டி அதை எதிர்க்க முடியாது என்பதே இன்றைய நிலை. உரிமையாளரின் பழைய வாதம் இதனால் பலமிழந்தது என்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

மிஞ்சியிருப்பது மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்ற வாதம். அதன் தெளிவான உதாரணம் கர்நாடகம். வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினால் ஆயுட்கால வரி கட்ட வேண்டும் என்று அம்மாநிலம் 2014-இல் சட்டத்தைத் திருத்தியது. ஐ.டி. ஊழியர்களின் வண்டிகளைப் பெங்களூர்ச் சாலைகளில் நிறுத்திப் பிடித்தது அந்தக் காலத்தில் அன்றாடக் காட்சி. மத்தியச் சட்டம் பன்னிரண்டு மாதம் தரும்போது மாநிலம் முப்பது நாளில் ஆயுள் முழுமைக்கும் வரி கேட்க முடியாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2016-இல் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது.

தீர்ப்பு உரிமையாளருக்கு ஆறுதல். ஆனாலும் அது முழு விடை ஆகாது. ஓர் உயர் நீதிமன்றத்தின் கருத்து மற்ற மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. பதிவு வேறு, வரி வேறு. 47-ஆம் பிரிவு பதிவெண்ணைப் பற்றித்தான் பேசுகிறது, 57-ஆவது இனத்தில் மாநிலத்தின் அதிகாரத்தைச் சுருக்குவதில்லை என்ற எதிர்வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. பன்னிரண்டாம் மாதம் முடிந்த மறுநாளே முழு வரியும் கேட்கலாமா என்பதையும் இந்தத் தீர்ப்பு தொடவில்லை.

வண்டி அசையாமல் எல்லை மட்டும் அசைந்த நிகழ்வும் உண்டு. 2014-இல் தெலங்கானா பிரிந்தபோது ஆந்திர எண் கொண்ட வண்டிகளை ‘டி.எஸ்.’ வரிசைக்கு மாற்றும் பேச்சு எழுந்து எதிர்ப்பைச் சந்தித்தது. அதே மாநிலம் 2024-இல் ‘டி.ஜி.’ என்று எழுத்தை மாற்றியபோது புதிய வண்டிகளோடு நிறுத்திக்கொண்டது. எல்லா வண்டியின் எண்ணும் மாறாவிட்டாலும் நிர்வாகம் நடக்கும் என்பதற்கு இது போதிய சான்று.

வயது என்ற தனிச் சிக்கல்

சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம் என்பது 41-ஆம் பிரிவு. டெல்லி வட்டாரம் இதிலிருந்து விலகியது. பதினைந்து ஆண்டு தாண்டிய எல்லா வண்டிகளையும் 2014-இலும், பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளை 2015-இலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே தடுத்தது; 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விளைவு: தலைநகரில் ஓட முடியாத, ஆனால் சட்டப்படி இன்னும் ஐந்து ஆண்டு உயிருள்ள டீசல் கார்கள் மலிவு விலையில் தெற்கே வந்தன. ‘டெல்லி வண்டி’ நம் ஊர்ப் பழைய கார்ச் சந்தையில் ஒரு தனி வகையே ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பி.எஸ்.-4, அதற்குப் பிந்தைய வண்டிகளோடு நிறுத்தியது. சந்தையின் போக்கு இனி எப்படி மாறும் என்று இப்போதே சொல்வது கடினம்.

சூழல் நோக்கில் பார்ப்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள்: டெல்லியின் நுரையீரலுக்கு ஆகாத புகை சேலத்துக்கு ஆகுமா? மறுதரப்பு, காற்றின் நிலை ஊருக்கு ஊர் வேறு, வயது என்பது புகையின் துல்லியமான அளவுகோல் அன்று, நன்றாகப் பராமரித்த வண்டியை வயதைச் சொல்லி நொறுக்குவதும் வளச்சேதமே என்கிறது. இரு தரப்பும் தவறவிடுவது ஒன்று உண்டு. வந்து சேரும் மாநிலம் வண்டியின் உண்மையான புகை அளவைச் சோதித்து முடிவெடுக்கும் ஏற்பாடு வலுவாக இருந்தால் வயதுச் சண்டை பெருமளவு தேவைப்படாது. பிரேக் இன்ஸ்பெக்டரின் பார்வை அந்த வேலையைச் செய்யும்படி அமைக்கப்படவில்லை. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்பதே அங்கே முதல் கேள்வி.

மத்திய அரசு தேர்ந்த வழி, விலையால் விரட்டுவது. பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 10,000, இருசக்கர வண்டிக்கு 2,000 என்று உயர்ந்தது. பசுமை வரி தனி. ஐம்பது ஆண்டு தாண்டினால் மட்டும் கதை திரும்புகிறது: 2021 விதிகளின்படி அது தொன்மை வாகனம், ‘வி.ஏ.’ என்ற சிறப்பு எழுத்தோடு மரியாதையாகப் பதியப்படும். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் உள்ள முப்பது ஆண்டுகளைத் தாண்டுவதுதான் பாடு.

பி.எச். வரிசையும் வாகன் தளமும்

2021 செப்டம்பரில் வந்த பி.எச். (பாரத்) பதிவெண் வரிசை, கேள்வியின் வேரைத் தொட்ட முதல் முயற்சி. ஆயுட்கால வரியைக் கைவிட்டு இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டும் முறைக்கு அது திரும்பியது. விகிதம் 8, 10, 12 விழுக்காடு என்ற மூன்று படிகள். 2018-இல் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் குழு நாடு முழுவதற்கும் பரிந்துரைத்த படிகளும் இவையே. எண்ணும் மாற வேண்டாம், வரியும் வண்டியோடு நகரும். 2022 டிசம்பர்த் திருத்தம், ஏற்கெனவே பதிவான வண்டிகளும் இதற்கு மாறலாம் என்றது.

குறை, இது எல்லோருக்கும் இல்லை என்பது. அரசு, பொதுத்துறை ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் மட்டுமே தகுதியானவர்கள். திருப்பூரில் வேலை தேடி வரும் ஒடிசாத் தொழிலாளியின் பைக்குக்கு இதில் இடமில்லை. பழைய வண்டியை வாங்குபவர் அந்தத் தகுதி இல்லாதவர் என்றால், சிக்கல் முழுதாகத் திரும்பி வரும்.

மாநிலம் மாறுமுன் பழைய அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று இன்று மத்திய அரசின் இணையவழி வாகன் தளத்துக்குப் பெருமளவு நகர்ந்துவிட்டது. படிவம் 28, திருட்டு வழக்கு இல்லை என்ற சரிபார்ப்பு, கடன் தீர்ந்ததற்கான வங்கியின் படிவம் 35, கை மாறினால் படிவம் 29, 30, வந்த இடத்தில் படிவம் 27 என்ற வரிசை மாறவில்லை. வரிசையில் நிற்பது குறைந்திருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் சான்று தந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 48-ஆம் பிரிவு. காகிதமே இல்லாத அந்தச் சான்றை வந்த ஊர் அலுவலகத்தில் ஏற்கவைப்பது எப்படி என்பதற்குச் சட்டம் வழி சொல்லவில்லை. புரோக்கர்களின் பிழைப்பு பெரும்பாலும் இத்தகைய இடைவெளிகளில்தான் நடக்கிறது.

தீராமல் இருப்பவை

வாகன வரிக்கான நெறிகளை வகுக்க நாடாளுமன்றத்துக்குப் பொதுப் பட்டியலின் 35-ஆவது இனம் அதிகாரம் தருகிறது. ஆயுட்கால வரியைப் பங்கிட அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினால் மாநில உரிமை எவ்வளவு சுருங்கும் என்பது உண்மையான கவலை. விகிதத்தைத் தொடாமல், மிச்சத் தொகை நகரும் முறையை மட்டும் வகுப்பது அந்தக் கவலையைக் குறைக்கக்கூடும். மாநிலங்களுக்கிடையிலான சரக்கு வணிகத்தின் வரியை வணிகரை அலையவிடாமல் அரசுகளே தமக்குள் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யில் ஏற்கெனவே நடக்கிறது. வாகன் தளத்தில் வண்டியின் வயது, கட்டிய வரி இரண்டும் இருக்கும்போது இங்கே அது ஏன் முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் தெரியவில்லை. வரி அதிகமுள்ள மாநிலமும் குறைந்த மாநிலமும் அதற்கு உடன்படுமா என்பது அரசியல் கேள்வி. பழைய வண்டிக்கு வரியின் அடித்தளம் அன்றைய விலையா, இன்றைய மதிப்பா என்பதும், பன்னிரண்டு மாதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அதே நிலையில் நிற்கின்றன.

இவை தீரும்வரை, வெளிமாநிலப் பழைய வண்டியை விலை பேசுமுன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டியின் வயதுக்கு உங்கள் ஆர்.டி.ஓ. எவ்வளவு வரி கேட்பார், தடையின்மைச் சான்று யார் பெயரில், எந்த அலுவலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது, பழைய மாநிலத்தில் திரும்பப் பெறவேண்டிய தொகை யாருக்கு என்று விற்பவர் எழுதித் தருவாரா. மூன்றாவதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை விலையிலேயே கழித்துப் பேசுங்கள்.